தாலி, திருநீறு, திருவிழா லீவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சமயம் சம்பந்தமானவை. வீசா, வாடகை, விவாகரத்து எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயரையும், வேலைத்தலம், பாடசாலை, கோயில் ஆகியவற்றின் பெயர்களையும் போடவில்லை. பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்குப் பொதுவானவை. ஏதாவது மாறுபட்டால் அந்த இடத்தில் சொல்கிறேன். வட அயர்லாந்தில் இருப்பவர்கள் இதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், அங்கே சட்டம் தனி.

*

அக்கா, நான் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். புது மனேஜர் வந்ததும் கழுத்தில் எந்த நகையும் கூடாது என்று சொல்லித் தாலியைக் கழற்றச் சொல்கிறார். கல்யாண மோதிரம் மட்டும் போடலாமாம். இதுவும் அதைப் போலத்தான் என்றேன். "அது உங்கள் கலாசாரம், சமயம் இல்லை" என்கிறார். கழற்றத்தான் வேண்டுமா?
– ஹரோ வாசகி

உடனே கழற்றவும் வேண்டாம் தங்கச்சி, உடனே சண்டைக்குப் போகவும் வேண்டாம்.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் சமயத்தையும் நம்பிக்கையையும் பாதுகாக்கிறது. "நீ இந்து, உனக்கு இங்கே வேலை இல்லை" என்று ஒருவர் சொன்னால் அது நேரடிப் பாரபட்சம். அதற்கு அநேகமாக எந்தச் சாக்கும் எடுபடாது. உங்களுக்கு நடந்தது அது இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் உங்களைப் போன்றவர்களை அது கூடுதலாகத் தாக்குகிறது. இதற்கு மறைமுகப் பாரபட்சம் என்று பெயர். இங்கே முதலாளிக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: விதிக்கு நியாயமான நோக்கம் இருக்கிறது, அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டி அது போகவில்லை என்று காட்டினால் அவர் தப்பலாம். அதைக் காட்டவேண்டிய பொறுப்பு அவருடையது.

2013 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரித்தானியக் கிறிஸ்தவர்கள் நால்வரின் வழக்குகளுக்கு ஒன்றாகத் தீர்ப்புச் சொன்னது. அதில் இரண்டு உங்களுக்கு வேண்டியவை. நாடியா எவீடா ஹீத்ரோவில் பிரிட்டிஷ் எயார்வேஸில் வேலை செய்தவர். சீருடைக்கு மேலே சின்னச் சிலுவை தெரிந்ததற்காக 2006இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இங்கிலாந்து நீதிமன்றங்களில் தோற்றார். சிலுவை போடு என்று கிறிஸ்தவம் கட்டாயப்படுத்தவில்லையே என்பது அவருக்கு எதிராக நின்றது. ஸ்ட்ராஸ்பேர்க்கில் வென்றார். ஒரு வழக்கம் சமயத்தில் கட்டாயமா என்று பார்க்க வேண்டியதில்லை, நம்பிக்கையோடு நெருங்கிய தொடர்பு இருந்தால் போதும் என்றது நீதிமன்றம். விமான நிறுவனத்தின் "தோற்றம்" என்ற காரணத்துக்கு அளவுக்கு மேல் எடை கொடுக்கப்பட்டுவிட்டது என்றும் சொன்னது. உங்கள் மனேஜரின் "கலாசாரம்" என்ற வாதத்துக்குப் பதில் இங்கே இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கப் பெண்களும் தாலி கட்டுகிறார்களே என்று அவர் நாளைக்குக் கேட்கலாம். கேட்கட்டும். மணவறையில் மந்திரம் சொல்லிக் கட்டிய தாலி உங்களுக்குச் சமயம். அவர்களுக்குத் தேவாலயத்தில் ஆசீர்வதித்த தாலி சமயம். அதுவும் போதாவிட்டால் இனம் என்ற இரண்டாவது காலும் இருக்கிறது. இனப் பூர்வீகமும் அதே சட்டத்தில் பாதுகாக்கப்பட்டதுதான்.

ஆனால் அடுத்த வழக்கையும் பாருங்கள். ஷேர்லி சாப்லின் ஒரு தாதி. பல வருடம் கழுத்தில் சிலுவை போட்டு வேலை செய்தவர். சங்கிலியை நோயாளி பிடித்து இழுக்கலாம், குனியும்போது புண்ணில் படலாம் என்று வைத்தியசாலை மறுத்தது. அதே நாளில், அதே நீதிபதிகள் முன் அவர் தோற்றார். வைத்தியப் பாதுகாப்பை எடைபோட அங்கே நிற்பவர்களுக்கே கூடுதல் தகுதி என்றார்கள். சீருடையில் குத்தும் சின்னமாகப் போடலாம், கழுத்து மூடிய உள்சட்டைக்குள் போடலாம் என்று அவருக்கு மாற்றுவழி சொல்லியும் அவர் ஏற்கவில்லை. அதுவும் கணக்கில் எடுக்கப்பட்டது.

உங்கள் வேலை எவீடாவின் வேலையைவிடச் சாப்லினின் வேலைக்குத்தான் கிட்ட. மறதிநோய் உள்ளவர்களைத் தூக்கி இருத்தும்போது கழுத்துச் சங்கிலி கையில் அகப்படும் என்பது பொய்க் காரணம் இல்லை. அதனால் நீங்களே ஒரு வழியைச் சொல்லுங்கள். கொடியைக் குறுக்கி, கழுத்து மூடிய உள்சட்டைக்குள் வெளியே வராமல் போடுவது ஒன்று. (எங்கள் பெண்கள் ஊக்கால் குத்தி உள்ளே விடுவார்கள். பராமரிப்பு வேலையில் ஊக்கு அதைவிட ஆபத்து, அதைச் சொல்லிவிடாதீர்கள்.) இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் கொக்கி இன்னொன்று. இதை ஈமெயிலில் எழுதி, ஆபத்து மதிப்பீடு செய்திருக்கிறீர்களா, செய்திருந்தால் பிரதி தாருங்கள் என்று கேளுங்கள். மதிப்பீடே செய்யாமல் "விதி விதிதான்" என்று பதில் வந்தால் உங்கள் பக்கம் பலமாகிறது. உள்சட்டைக்குள் போட அவர் சம்மதித்தும் நீங்கள் மறுத்தால் சாப்லினுக்கு நடந்ததுதான் நடக்கும்.

*

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போக நாலு கிழமை தொடர்ந்து லீவு கேட்டேன். இரண்டு கிழமைக்கு மேல் தரமாட்டோம் என்கிறார்கள். இது சமயப் பாரபட்சம் இல்லையா?
– குரோய்டன் வாசகர்

இல்லை என்றுதான் நினைக்கிறேன் தம்பி. உங்களைப் போலவே ஒருவர் முயன்று பார்த்திருக்கிறார்.

லண்டன் நிலக்கீழ் ரயில் சேவையில் வேலை செய்த, சார்டீனியாத் தீவைச் சேர்ந்த கத்தோலிக்கர் கரெடு. ஒவ்வொரு கோடையிலும் ஐந்து கிழமை சேர்ந்தாற்போல் ஊருக்குப் போய்வந்தவர். புது மனேஜர் இனி அவ்வளவு நீளமாகத் தரமுடியாது என்றதும், ஊரில் 17 புனிதர் திருவிழாக்கள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் போவது என் சமயக் கடமை என்று வழக்குப் போட்டார். வேலை வழக்குகளை விசாரிக்கும் தொழில் தீர்ப்பாயம் அவருடைய பக்தியைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஐந்து கிழமை கேட்டது பக்தியால் இல்லை, குடும்பத்தோடு இருப்பதற்காக என்று கண்டது. 2016இல் மேன்முறையீட்டிலும் தோற்றார்.

நல்லூரில் கொடியேற்றம் முதல் இருபத்தைந்து நாள் என்பது எனக்கும் தெரியும். அந்த இருபத்தைந்து நாளும் காலை மாலை கோயிலில் நிற்பவரா நீங்கள்? குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இடையில் கொழும்பு, கண்டி, மச்சானின் கல்யாணம் எல்லாம் முகநூலில் படமாகக் கிடந்தால் முடிந்தது கதை.

தேர் இருபத்துநாலாம் நாள், தீர்த்தம் இருபத்தைந்தாம் நாள். அந்த நாட்களைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். தந்த இரண்டு கிழமைக்குள் அவை வரும்படி திட்டமிடுங்கள். அந்த நாட்களுக்கும் காரணம் சொல்லாமல் மறுத்தால், கிறிஸ்மஸுக்குத் தருகிறவர்கள் இதற்கு ஏன் தரவில்லை என்று கேட்க இடம் வரும். சமயத்துக்கென்று தனி லீவு உரிமை இந்த நாட்டில் இல்லை. மறுப்பதற்கு உண்மையான காரணம் இருக்கவேண்டும் என்பதுதான் உரிமை. அப்புறம், வேலை ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால் லீவின் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு காலத்துக்கு முன்பே அறிவிக்கவேண்டும். இரண்டு கிழமைக்கு நாலு கிழமை முன். மறுப்பதென்றால் முதலாளியும் லீவின் நீளமளவு காலத்துக்கு முன்பே சொல்லவேண்டும். டிக்கெட் போட்டுவிட்டுக் கேட்கிற பழக்கத்தை எங்கள் ஆட்கள் விட்டால் எனக்கு வரும் கடிதங்களில் கால்வாசி குறையும்.

*

என் மகனுக்கு எட்டு வயது. வெள்ளிக்கிழமைகளில் திருநீறு பூசிக்கொண்டு பாடசாலை போவான். போன மாதம் ஆசிரியை ஒருவர் துடைத்துவிட்டு வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார். அதே பாடசாலையில் ஒவ்வொரு காலையும் கிறிஸ்தவப் பிரார்த்தனை நடக்கிறது. என்ன செய்யலாம்?
– லூசியம், ஒரு தாய்

உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள், சேர்த்து எழுதினால் நீங்கள்தான் குழம்புவீர்கள்.

பிரார்த்தனை சட்டப்படியே நடக்கிறது. இங்கிலாந்தில் அரச பாடசாலைகள் தினமும் கூட்டு வழிபாடு நடத்தவேண்டும், சமயப் பாடசாலை அல்லாதவற்றில் அது பெரும்பாலும் பொதுவான கிறிஸ்தவத் தன்மையோடு இருக்கவேண்டும். இதில் மாற்றம் வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் இன்றைய சட்டம் இதுதான். சமத்துவச் சட்டமே இந்த வழிபாட்டுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. பிள்ளையை அதிலிருந்து விலக்கும் உரிமை 1998ஆம் ஆண்டுப் பாடசாலைச் சட்டத்தில் பெற்றோருக்கு இருக்கிறது. ஒரு கடிதம் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை. விலக்கினால் அந்த நேரத்தில் அவன் தனியே இருப்பானே என்பதையும் யோசியுங்கள்.

திருநீறு விஷயத்தில் பாடசாலைதான் பதில் சொல்லவேண்டும். சமத்துவச் சட்டம் மாணவரையும் பாதுகாக்கிறது. அரச பாடசாலை என்பதால் 1998ஆம் ஆண்டு மனித உரிமைகள் சட்டமும் நேரடியாகக் கட்டுப்படுத்தும். அந்தச் சட்டத்துக்குள் வரும் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 9ஆம் உறுப்புரை, சமயத்தை வெளிக்காட்டும் சுதந்திரத்தைத் தருகிறது. 2008இல் வேல்ஸில் அபர்டேர் என்ற ஊரில் பதினாலு வயதுச் சீக்கிய மாணவி ஒருவர் இரும்புக் காப்புக் கழற்ற மறுத்ததற்காகப் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் மாணவிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மெல்லிய ஒரு காப்பு, கைநீளச் சட்டைக்குள் மறைவது, அவளுக்கு அது நகை இல்லை என்று பார்த்தார் நீதிபதி.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, லூட்டனில் ஜில்பாப் என்ற நீள அங்கி அணிய விரும்பிய முஸ்லிம் மாணவி, அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில் தோற்றார். அந்தப் பாடசாலை பெற்றோரோடும் பள்ளிவாசல்களோடும் பேசிச் சல்வார் கமிஸை ஏற்கெனவே சீருடையில் சேர்த்திருந்தது. யோசித்து வைத்த விதிக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது.

உங்கள் மகன் விஷயத்தில் விதியே இருந்ததா, அந்த ஆசிரியை தன்பாட்டில் சொன்னாரா? அதிபருக்கு எழுதி அதை முதலில் கேளுங்கள். அநேகமாக விதி இருக்காது. நெற்றியில் பூசிய சாம்பலால் யாருக்கு என்ன இடைஞ்சல் என்று அவர்கள் விளக்கவும் முடியாது. அதிபர் மழுப்பினால் நிர்வாக சபைக்கு முறைப்பாடு செய்யலாம். "என் பிள்ளையை அவமானப்படுத்திவிட்டீர்கள்" என்று தொடங்காமல், திருநீறு என்றால் என்ன, எந்த நாளில் பூசுவான், எப்போதிருந்து என்று நாலு வரியில் எழுதுங்கள். லூசியத்தில் படிப்பிக்கும் ஒருவருக்கு அது தெரிந்திருக்கவேண்டும்தான், ஆனாலும் எழுதுங்கள்.

(இதே கடிதத்தில் பொங்கல் லீவு பற்றியும் கேட்டிருந்தார். பெற்றோர் சார்ந்த சமய அமைப்பு வழிபாட்டுக்கென்று ஒதுக்கிய நாளில் பிள்ளை வராவிட்டால் சட்டப்படி அது குற்றமில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அதைச் சொல்கிறது. முன்கூட்டி எழுதிக்கொடுக்கவேண்டும். அந்த நாளோடு ஒட்டி ஒரு கிழமை ஊருக்குப் போனால் அந்தப் பாதுகாப்பு வராது. இங்கிலாந்தில் தண்டம் வந்தால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண், 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160.)

*

நான் சாமி கும்பிடுவதில்லை. தமிழ் முதலாளியின் கடையில் வேலை. ஒவ்வொரு வெள்ளியும் பூசைக்கு நிற்கவேண்டும், திருநீறு பூசவேண்டும். கோயில் திருவிழாவுக்கென்று சம்பளத்தில் 10 பவுண் பிடிக்கிறார். "நீயும் சைவன்தானே" என்கிறார். சமயச் சட்டம் சமயம் இல்லாதவனுக்கு உதவுமா?
– ஈஸ்ட்ஹாம் வாசகர்

உதவும். சமத்துவச் சட்டத்தின் 10ஆம் பிரிவு சமயமின்மையையும் நம்பிக்கையின்மையையும் அதே வரியில் பாதுகாக்கிறது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே சமயத்தில் பிறந்தவர்கள் என்பது சாக்கு ஆகாது, 24ஆம் பிரிவு அதையும் சொல்லியிருக்கிறது. பூசையில் நிற்க மாட்டேன் என்றதற்காக வேலை நேரத்தைக் குறைத்தால் பாரபட்சம். "கடவுளில்லாதவன்" என்று வாடிக்கையாளர் முன் நக்கலடித்துக்கொண்டே இருந்தால் தொந்தரவு.

அந்தப் 10 பவுணுக்குச் சமயச் சட்டமே தேவையில்லை. உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ, ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ இடமோ இல்லாமல் சம்பளத்தில் பிடிப்பது 1996ஆம் ஆண்டு வேலை உரிமைகள் சட்டப்படி தவறு. அதிலிருந்து தொடங்குங்கள். காசு விஷயம் அவருக்குச் சீக்கிரம் விளங்கும்.

முதலாளி கடையில் பூசை செய்வது அவருடைய சுதந்திரம், அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அந்தப் பத்து நிமிடம் பின்னால் பெட்டி அடுக்க விடச் சொல்லிக் கேளுங்கள்.

*

எது "நம்பிக்கை", எது வெறும் கருத்து? நான் சைவச் சாப்பாட்டுக்காரன், அது பாதுகாப்புக்குள் வருமா?
– லெஸ்டர் வாசகர்

2009இல் காலநிலை மாற்றம் பற்றிய தன் நம்பிக்கைக்காக டிம் நிக்கல்சன் என்பவர் போட்ட வழக்கில் ஒரு உரைகல் கிடைத்தது. மனதார நம்பவேண்டும். வாழ்க்கையின் கனமான ஒரு விஷயம் பற்றியதாக இருக்கவேண்டும். இன்றைய தகவலை வைத்துச் சொல்கிற அபிப்பிராயமாக இருக்கக்கூடாது. ஒழுங்கும் கோர்வையும் வேண்டும். மற்றவர்களின் மானத்தையும் உரிமையையும் மிதிக்கக்கூடாது. இதில் உரசிப் பார்த்து, ஸ்கொட்லாந்தின் ரேஞ்சர்ஸ் உதைபந்தாட்ட அணிக்கு ஆதரவு என்பது நம்பிக்கை அல்ல என்று 2022இல் ஒரு தீர்ப்பாயம் முடிவு செய்தது. கிரிக்கெட்காரர்கள் மன்னிக்க.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு விசித்திரம். மரக்கறி உண்பது மட்டும் நம்பிக்கை அல்ல என்று 2019இல் ஒரு தீர்ப்பு. ஆளுக்கொரு காரணத்துக்காக அப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பது நியாயம். அடுத்த வருடமே, விலங்கிலிருந்து வரும் எதையும் வாழ்க்கையில் எங்கும் தொடாத கொள்கை நம்பிக்கைதான் என்று இன்னொரு தீர்ப்பு. இரண்டும் கீழ்மட்டத் தீர்ப்பாயத்தில் வந்தவை, மற்ற நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. நீங்கள் அந்தப் பாதையால் போகவே வேண்டாம். சமயத்துக்காக மச்சம் தொடாதவர் என்றால் சமயம் என்ற தலைப்பிலேயே வாருங்கள்.

*

எங்கள் ஊர்க் கோயிலில் அன்னதானத்துக்குச் சமைக்கப் போனேன். இரண்டாம் கிழமை ஒரு பெரியவர் வந்து எந்த ஊர், எந்தப் பகுதி, அப்பாவுக்கு என்ன தொழில் என்று கேட்டார். அதன்பிறகு மடைப்பள்ளிக்கு வரவேண்டாம், வெளியே இலை போடலாம் என்றார்கள். இது லண்டன். கேட்க ஆளில்லையா?
– பெயர் வேண்டாம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் ஆத்திரம் வந்தது. ஆனால் ஆச்சரியம் வரவில்லை. சட்ட உதவி நிலையத்தில் இருந்த காலத்தில் இதே கேள்வி என்னிடம் வாயால் பல தடவை வந்திருக்கிறது. எழுத்தில் வருவது அரிது. எழுதியதற்கு நன்றி.

சமய அமைப்புகளுக்குச் சமத்துவச் சட்டத்தில் விலக்குகள் இருக்கின்றன. கோயில் தன் நடவடிக்கைகளைத் தன் சமயத்தாருக்கு மட்டும் என்று வைக்கலாம். பூசை செய்பவர் சைவராக, தீட்சை பெற்றவராக இருக்கவேண்டும் என்று கேட்கலாம். இந்த விலக்கு சமயம், நம்பிக்கை, சில இடங்களில் பாலியல் சார்பு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இனம் என்ற தலைப்பில் கோயிலுக்கு இப்படி விலக்குக் கிடையாது. சாதி அந்தத் தலைப்புக்குள் வருமா என்பதுதான் கேள்வி.

2013இல் பாராளுமன்றம் சாதியைச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்கவேண்டும் என்று அரசுக்குக் கட்டளையிட்டது. அரசு இழுத்தடித்து, 2018இல் சேர்க்கப்போவதில்லை, ஏற்கெனவே வந்த தீர்ப்பு போதும் என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பு மில்டன் கீன்ஸில் ஒரு வீட்டில் வேலைக்கு வைக்கப்பட்ட பிஹார் ஆதிவாசிப் பெண் போட்ட வழக்கில் வந்தது. "இனப் பூர்வீகம்" என்ற சொற்கள் விரிவானவை, வம்சாவளி பற்றிய சாதிப் பாகுபாடு அதற்குள் வரமுடியும் என்று 2014இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. அடுத்த வருடம் அவருக்குச் சம்பள நிலுவையாக மட்டும் 1,80,000 பவுணுக்கு மேல் கொடுக்க உத்தரவு வந்தது. அவர் கிறிஸ்தவர். பைபிளைக் கொண்டுவரவும் தேவாலயம் போகவும் விடாமல் வைத்திருந்ததால் சமயப் பாரபட்சமும் நிரூபணமானது.

ஆகவே அப்பாவின் தொழிலைக் கேட்டு மடைப்பள்ளியிலிருந்து வெளியே விட்டால், இனப் பாரபட்சம் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஒரு சிக்கல்: நீங்கள் தொண்டர், சம்பளம் இல்லை. ஒப்பந்தமில்லாத தொண்டர் வேலைச் சட்டத்துக்குள் வரமாட்டார் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அதனால் தொழில் தீர்ப்பாயம் இல்லை. கோயில் பொதுமக்களுக்குச் சேவை தரும் இடம், அல்லது குறைந்தது 25 அங்கத்தவர்களைக் கொண்ட, ஆட்களைத் தெரிவுசெய்து சேர்க்கும் சங்கம் என்ற வழியில் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, வழக்கும் லேசானதில்லை.

வழக்குக்கு முன்பு ஒன்று செய்யலாம். கோயில் பதிவு பெற்ற தருமஸ்தாபனமா என்று இணையத்தில் பாருங்கள், அறங்காவலர்களின் பெயர்களும் அங்கேயே இருக்கும். நடந்ததைத் திகதியோடு அவர்களுக்கு எழுதி, யார் இந்த முடிவை எடுத்தது, என்ன காரணம் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரவேண்டும் என்று சொல்லுங்கள். வாயால் சாதி பேசுகிறவர்கள் அதைக் கடிதத் தலைப்பில் எழுத மாட்டார்கள். முறையிட்டதற்காக உங்களைக் கோயிலிலிருந்தே ஒதுக்கினால் அது பழிவாங்கல், தனி வழக்கு.

*

2007இல் வேல்ஸ் ஸ்கந்தவேல் முருகன் கோயிலில் சம்போ என்ற காளையை அரசு கொன்றது இன்னும் மனதில் நிற்கிறது. சமய சுதந்திரம் என்று சொல்லும் நாட்டில் அது எப்படி நடந்தது?
– பர்மிங்ஹாம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, நானும் அந்த ஜூலை மாதத்தை மறக்கவில்லை. பஸ் பிடித்துக் குடும்பம் குடும்பமாக நாங்கள் எல்லோரும் போய்வந்த இடம் அது, இலங்கையிலிருந்து வந்த குரு ஒருவர் தொடங்கியது.

9ஆம் உறுப்புரையில் இரண்டு அறைகள் இருக்கின்றன. உள்ளே நம்புவது ஒன்று. அதில் எந்த அரசும் கைவைக்க முடியாது. வெளியே செய்து காட்டுவது மற்றது. அதைச் சட்டத்தின் மூலம், பொதுப் பாதுகாப்பு, சுகாதாரம், மற்றவர்களின் உரிமை போன்ற காரணங்களுக்காக, தேவையான அளவுக்குக் கட்டுப்படுத்தலாம். சம்போவுக்கு மாட்டுக் காசநோய்ப் பரிசோதனையில் நோய்க்குறி தெரிந்தது. துறவிகளின் நம்பிக்கை உண்மையானது என்பதை நீதிமன்றம் ஏற்றது. முதலில் உயர் நீதிமன்றத்தில் கோயில் வென்றது: கொல்லும் முடிவை எடுத்தவர்கள் சமய உரிமையைச் சரியாக எடைபோடவில்லை என்றார் நீதிபதி. ஒரு கிழமைக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நோய் பரவாமல் தடுக்கும் கொள்கையில் ஒரு மாட்டுக்கு விலக்குக் கொடுத்தால் கொள்கை நிற்காது என்பது சாரம். ஜூலை 26ஆம் திகதி ஊசி போட்டுக் கொன்றார்கள்.

எனக்கு அது கசப்பான தீர்ப்பு. தனியே அடைத்து வைத்துத் திரும்பப் பரிசோதிக்கலாம் என்று கோயில் கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் மதிப்புக் கொடுத்திருக்கலாம் என்பேன். ஆனால் சுற்றிவர இருந்த பண்ணைக்காரர்கள் தங்கள் மாடுகளை இதே விதியால் இழந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் போய் என்ன சொல்லியிருப்போம்?

மறுபக்கத்தில் நியூகாசில் தவேந்தர் காய் இருக்கிறார். செத்தபிறகு தன்னைத் திறந்தவெளிச் சிதையில் எரிக்கவேண்டும் என்று கேட்ட பெரியவர். மாநகர சபை மறுத்தது, 2009இல் உயர் நீதிமன்றமும் மறுத்தது. மேன்முறையீட்டில் அவர் விஷயத்தைச் சுருக்கினார்: சுற்றிச் சுவர் இருக்கலாம், கூரையில் வானம் தெரிந்தால் போதும். 2010 பெப்ரவரியில் நீதிபதிகள் 1902ஆம் ஆண்டுத் தகனச் சட்டத்தை எடுத்து, அதிலுள்ள "கட்டடம்" என்பதற்குள் அப்படிப்பட்ட அமைப்பும் வரும் என்றார்கள். மனித உரிமைக்குள் போகத் தேவையே வரவில்லை. எனக்கு மிகப் பிடித்த தீர்ப்பு அது. சமயம் எதை உண்மையில் கேட்கிறது என்று அந்த மனிதர் யோசித்து, அதை மட்டும் கேட்டார்.

*

வேலைத்தலத்தில் சமயத்தைச் சொல்லிக் கேலி. வட்ஸ்அப் குழுவிலும் எழுதுகிறார்கள். உள் முறைப்பாடு முடியட்டும் என்று காத்திருக்கிறேன். அவசரம் ஏதும் இருக்கிறதா?
– மில்டன் கீன்ஸ் வாசகர்

இருக்கிறது, அதனால் இதழ் வரும்வரை வைத்திருக்காமல் இவருக்கு அன்றே தனியே எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

வேலை விஷயத்தில் வழக்குப் போடக் காலக்கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. இந்தக் காலத்தை நீட்டும் சட்டம் 2025இல் நிறைவேறியிருக்கிறது. அதை நம்பி இருக்கவேண்டாம். உள் முறைப்பாடு நடக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்காது. முதலில் ஏகாஸ் என்ற இணக்கச் சேவைக்கு அறிவிக்கவேண்டும், அறிவித்தால்தான் நிற்கும். ஏகாஸுக்கும் காசில்லை, தீர்ப்பாயத்துக்கும் காசில்லை. கட்டணம் வாங்கியதைச் சட்டவிரோதம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. பாடசாலை, கடை, கோயில் என்றால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாவட்ட நீதிமன்றம், ஸ்கொட்லாந்தில் ஷெரிப் நீதிமன்றம், ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அரச அமைப்புக்கு எதிரான மனித உரிமை வழக்குக்கு ஒரு வருடம். வீட்டுக் காப்புறுதியில் சட்டச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள், பலருக்கு இருப்பதே தெரியாது.

குழுவிலிருந்து கோபத்தில் வெளியேறுவதற்கு முன் ஒவ்வொரு செய்தியையும் திகதி, நேரம், எழுதியவர் பெயர் தெரியும்படி படம் பிடித்துவிடுங்கள். வேலைத்தலப் போனில் மட்டும் வைத்திருக்காதீர்கள். வேலையை விட்டு நிறுத்தினால் முதலில் திருப்பிக் கேட்பது அதைத்தான்.